நாலு பேரோடு பழக

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி ஒன்றான வாழவந்தி நாட்டு பஸ் ஸ்டாப்பில் பதினோரு வருஷமாக மிளகு வாங்கி விற்கிறேன். கொண்டுவருகிறவன் சொந்தக்காரனாகவே இருந்தாலும், ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீர்ச் சொம்பில் போட்டுப் பார்க்காமல் மூட்டையைத் தராசில் ஏற்றமாட்டேன். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும். பப்பாளி விதையும் சொத்தையும் மேலே மிதக்கும். ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பேன். ஒருத்தன் பஸ்ஸிலிருந்து இறங்கி நாலடி வைப்பதற்குள் அவன் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு திமிர் இருந்தது.

அந்த வாரம் மலை முழுக்க ஒரே பேச்சு. பிள்ளை பிடிக்கிற கும்பல் கிளம்பியிருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். குழந்தையோடு தனியாக வருகிற ஆம்பளையைப் பார்த்தால் விடாதீர்கள், நிறுத்தி விசாரியுங்கள் என்றாள். எந்த ஊர், என்றைக்கு நடந்தது, அவள் யார், ஒன்றும் அதில் இல்லை. எங்கள் பஸ் ஸ்டாப் குரூப்பில் அதை முதலில் போட்டவன் நான்தான். மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிற நான் அந்தப் பதிவை எதிலும் போட்டுப் பார்க்கவில்லை.

காலை பத்தரை மணி இருக்கும். நாமக்கல் பஸ் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக ஒருவன் இறங்கினான். முப்பது வயசு சொல்லலாம். ஒல்லி. தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குழந்தை வாந்தி எடுத்திருக்க வேண்டும், முகம் வெளுத்து, கவுனெல்லாம் ஈரமாக இருந்தது. புதிதாக வருகிறவர்கள் இறங்கியதும் டீக்கடைக்குத்தான் போவார்கள். இவன் போகவில்லை. பலா மரத்தடியில் நின்று கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தான். என் பலகையைப் படித்ததும் முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

மரத்தடியில் பாப்பாயி அக்கா அன்னாசிப்பழமும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் வைத்து விற்பாள். பக்கத்தில் நாலு தேன் பாட்டிலும் இருக்கும். யார் வந்தாலும் இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டாள்.

"யாரு ஊட்டுக்குங்க வந்திருக்கீங்க?"

"தெரிஞ்சவங்க ஊட்டுக்குங்க."

"எந்த நாடுங்க?"

"இன்னும் கொஞ்சம் உள்ளார போகணுமுங்க."

எங்கள் மலையில் யாரும் இப்படிப் பதில் சொல்லமாட்டார்கள். எந்த நாடு, எந்த ஊர், யார் வீட்டுக்கு, எதற்கு என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். இவன் கேட்டதற்கே சொல்லவில்லை. பாப்பாயி அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் தராசை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

அவன் ஒரு பன் வாங்கிப் பிய்த்து குழந்தையின் வாயில் வைத்தான். குழந்தை தலையைத் திருப்பியது. மறுபடி வைத்தான். அது அவன் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு கத்தியது.

"என்னை விட்டுவிடு மாமா! யாராவது என்னைக் காப்பாற்றுங்கள்!"

இப்படியேதான் கத்தியது. சுத்தமான தமிழில், பாடப் புத்தகம் பேசுவது போல. நாலு வயசுக் குழந்தை எங்கள் பக்கம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஜீப் ஓட்டுகிற செல்லமுத்து பீடியைக் காலில் போட்டு மிதித்தான். சேந்தமங்கலத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே வந்து ஸ்டாண்டு போட்டவன். நல்ல பையன், அடிக்க மட்டும் கை சட்டென்று ஓங்கிவிடும்.

"ஏனுங்க, புள்ளைய இப்படிக் குடுங்க, நா பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பாப்பாயி அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்பது மரியாதைக்கு. பிடுங்கினாள். அவன் கையை நீட்டினான். அதற்குள் செல்லமுத்து குறுக்கே வந்து நின்றான்.

அக்கா குழந்தையை அன்னாசிக் கூடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்தாள்.

"கண்ணு, உம் பேரென்ன?"

"பாப்பா."

"அம்மா எங்க கண்ணு?"

குழந்தை விழித்தது. "அம்மா இல்லை."

"அப்பா?"

"அப்பா இல்லை."

"அப்ப அவரு யாரு?"

"மாமா."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன். நான் நினைத்தது சரியாகப் போனதில் வந்த சந்தோஷம் அது.

"உனக்கு என்ன சாமி வேணும்? கெழங்கு திங்கிறயா?"

"தேனு வேணும்." குழந்தையின் உதடு பிதுங்கியது. "எனக்குத் தேனு வேணும். தேனுகிட்டப் போகணும்."

"அட என் ராசாத்தி, தேனுக்கா அழுவுற?" அக்கா ஒரு பாட்டிலைத் திறந்து விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினாள். குழந்தை ஒரு நொடி சப்புக்கொட்டியது. பிறகு முன்னைவிட அதிகமாக அழுதது. "தேனு, தேனு" என்று கேவியது. அக்கா இன்னொரு விரல் தடவினாள். வாய், கன்னம், கவுன் எல்லாம் தேன் ஆனது. கொல்லிமலைத் தேனைக் கொடுத்தும் அழுகிற குழந்தையை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

செல்லமுத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். நாலைந்து பேர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"எம் புள்ளைங்க அது" என்றான் அவன். "நான் பெத்த புள்ளைங்க. எம் பேரு சந்தோஷ்குமாருங்க. திருப்பூருல பனியன் கம்பெனில இருக்கேனுங்க."

"பெத்த அப்பன மாமாங்குமாடா புள்ள?"

"எம் பொண்டாட்டி என்ன மாமான்னு கூப்புடுவாங்க. ஒத்த ரூமு. நாங்க ரெண்டு பேரு, அவ ஒருத்தி. வேற ஆளு இல்லீங்க. அப்பா வந்துட்டாரு பாருன்னு சொல்றதுக்கு ஊட்டுல ஒரு பெரியவங்க இல்ல. அவ கூப்புடறதக் கேட்டு இவளும் புடிச்சுக்கிட்டா. மாத்தச் சொல்லி எவ்வளவோ பாத்துட்டமுங்க. வரலீங்க."

"காப்பாத்துங்கன்னு கத்துச்சே, அது?"

"அது பொம்மப் படத்துல வர்ற பேச்சுங்க. ரெண்டு பேரும் ஷிப்ட்டு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் போனக் குடுத்து உக்கார வெச்சுட்டுத்தான் போவோம். அதுல பேசறதத்தான் பேசறா. மனுசங்களப் பாத்தா ஒளிஞ்சுக்கறா. டாக்டர்கிட்டக் காட்டுனோம். புள்ளைக்கு ஒரு கோளாறும் இல்ல, நாலு பேரோட பழக உடுங்கன்னாருங்க. அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

சொல்லி முடித்துச் சுற்றிலும் பார்த்தான். அவனுக்கு நாலு பேர் அல்ல, முப்பது பேர் கிடைத்திருந்தார்கள்.

கதை நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். இவ்வளவு நன்றாக இருப்பதால்தான் நம்பக் கூடாது என்றும் நினைத்தேன். "பொண்டாட்டிக்குப் போனப் போடச் சொல்லுடா" என்றேன் செல்லமுத்துவிடம்.

போட்டான். ஸ்விட்ச் ஆஃப். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், ரெண்டு மணிக்குத்தான் எடுப்பாளாம். கூட்டம் சிரித்தது.

"செரி, உம் பொண்டாட்டி எந்த ஊரு? அதையாச்சும் சொல்லு" என்றான் செல்லமுத்து.

அவன் தயங்கினான். உதட்டை நனைத்துக்கொண்டான். "குண்டனி நாடுங்க."

"குண்டனி நாட்டுல யாரு மவ?"

வாயை மூடிக்கொண்டான். செல்லமுத்து உலுக்கினான். அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்லமுத்து அவன் போனைத் தடவிப் பார்த்து ஒரு போட்டோவை எடுத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"முருகானந்தண்ணே, நீங்க குண்டனி நாடுதானுங்களே. இந்தப் பொம்பளையத் தெரியுமுங்களா, பாருங்க."

என் பெயரைக் கேட்டதும் அவன் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தான்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். பச்சைச் சுடிதார். கழுத்தில் கம்பெனி அட்டை. இளைத்துப்போயிருந்தாள், கண்ணுக்குக் கீழே கருப்பு. சிரிக்கிறபோது இடது பக்கப் பல் ஒன்று மற்றதன்மேல் ஏறி நிற்கும். நான்தான் அவளைச் சின்ன வயசில் சைக்கிளிலிருந்து கீழே போட்டவன், அந்தப் பல் அப்படி ஆனதற்குக் காரணம் நான்தான். என் தங்கச்சி தேன்மொழி. வீட்டில் நாங்கள் மொழி என்றுதான் கூப்பிடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மலைக்கு வெளியே, வேறு சாதியில். ஊர்க் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் எழுந்து நின்று, எனக்குக் கூடப் பிறந்தவள் என்று யாரும் இல்லை என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், அவரைக்கூட நான் கேட்கவில்லை. என் ரோஷம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவேன்.

இப்போது அவள் புருஷன் பத்தடி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையை முப்பது பேருக்கு நடுவில் சொல்ல வேண்டும். என்னை ரோஷக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற முப்பது பேர்.

"தெரியாது" என்றேன்.

செல்லமுத்து திரும்பி நாலு எட்டில் போய் அவன் கன்னத்தில் அறைந்தான். பொறி பறக்கிற அறை. அவன் தடுமாறி பலா மரத்தில் சாய்ந்தான். "பொய் வேற சொல்றியாடா" என்று இன்னொருத்தன் காலைத் தூக்கினான். பாப்பாயி அக்கா அங்கிருந்தே, "அடிக்காதீங்கடா, ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கடா" என்று கத்தினாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. என்னைப் பார்ப்பதை மட்டும் அவன் விடவில்லை.

குழந்தை அக்காவின் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. தேன் பிசுபிசுத்த கை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து அவனிடம்தான் ஓடுகிறது என்று நினைத்தேன். வழியில் என் கையில் இருந்த போனைப் பார்த்துவிட்டது. நின்றது. என் வேட்டியைப் பிடித்து எக்கி, வெளிச்சமாக இருந்த படத்தைத் தொட்டது.

"தேனு" என்றது. "இது தேனு. தேனுகிட்டப் போகணும்."

புருஷன் அவளைத் தேனு என்று கூப்பிடுவான் போலிருக்கிறது. அதையும் இது பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் இது பெற்ற தாயைக் கேட்டு அழுதிருக்கிறது. நாங்கள் விரல் விரலாகத் தேனைத் தடவியிருக்கிறோம்.

"உடுங்கடா அவர" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "உடுங்கடா! எந் தங்கச்சி புருசன்டா அவரு!"

செல்லமுத்து என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்பத்தான தெரியாதுன்னீங்க, அண்ணே?"

"தெரியும்" என்றேன். "பொய் சொன்னேன்."

பாப்பாயி அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரம் இருக்கிறதே, அது அடியைவிடக் கேவலம். டீக்கடையிலிருந்து நாற்காலி வந்தது. இஞ்சி டீ வந்தது. செல்லமுத்து அழுதுவிடுவான் போல நின்று, "தப்பா நெனைக்காதீங்க, வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க" என்று பத்துத் தடவை சொன்னான். காலைத் தூக்கினவன் ஆளையே காணோம். செல்போனை உயர்த்தினவர்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். மீதிப்பேர் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

"இங்க பாரு கண்ணு, இவரு அப்பா. சொல்லு, அப்பா."

"அப்பான்னு சொல்லாததுனாலதான சாமி அடி வுழுந்துச்சு? சொல்லு பாக்கலாம்."

"இவரு பாரு, இவருதான் உங்க மாமா. மாமான்னா இவரு."

என்னைத்தான் காட்டினார்கள். குழந்தை ஒருவர் வாயை விட்டு இன்னொருவர் வாயைப் பார்த்தது. பிறகு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை. அவன் கன்னத்தில் விரல் தடம் சிவந்து எழும்பியிருந்தது. டீயைத் தொடவில்லை.

நான் அவன் எதிரில் போய் நின்றேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முதல் தடவை.

"மாப்ள" என்றேன். "எம் பேர ஏன் சொல்லல நீங்க? சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

நான் டீ கிளாஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பஸ் ஸ்டாப்புல எங்கண்ணன் கடை இருக்கும், அவரு கண்ணுல பட்டுடாதீங்க, யாரு கேட்டாலும் எங்கப்பா பேரச் சொல்லாதீங்க, நேரா ஊட்டுக்குப் போயிருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அதான் போர்டெல்லாம் பாத்துட்டு நின்னேன்."

ஆக, அவன் திருட்டு முழி முழித்தது எனக்குப் பயந்துதான்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றேன். "பாப்பா இங்கயே இருக்கட்டும். அம்மா அப்பாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். எம் பசங்க ரெண்டு பேரு இருக்காங்க. பக்கத்து ஊட்டுல நாலு புள்ளைங்க இருக்குது. ஒரே மாசத்துல எல்லாம் பழகிக்கும், மாப்ள. நான் பாத்துக்கறேன்."

மனசாரத்தான் சொன்னேன். அவன் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. என்னைச் சொம்பில் போட்டுப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

"அவ போட்டோவக் கையில வெச்சுக்கிட்டே தெரியாதுன்னீங்க" என்றான். "நாளைக்கு யாராச்சும் நாலு பேரு இவளக் காட்டி, இது யாரு புள்ளைன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"எந் தங்கச்சி புள்ளைன்னு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேலே போயிருந்த பஸ் திரும்பி நாமக்கல் போவதற்கு வந்து நின்றது. அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அக்கா ஒரு தேன் பாட்டிலைப் பையில் வைக்கப் போனாள். "வேண்டாமுங்க" என்றான், மரியாதையாகத்தான். நான் பின்னாலேயே போனேன். அப்பாவையாவது பார்த்துவிட்டுப் போங்கள், ஒரு மணி நேரம், நானே ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சி அந்த பஸ் ஸ்டாப் பார்த்ததில்லை. அவன் படியில் கால் வைத்து ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். வாய் ஓரத்தில் தேன் காய்ந்து தூசி ஒட்டியிருந்தது.

கண்டக்டருக்கு நடந்தது எதுவும் தெரியாது. டிக்கெட் கிழித்துக்கொண்டே, எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிற மாதிரி, கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

"பாப்பா, இது யாரு?"

குழந்தை நடுங்கியது. இரண்டு கையாலும் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"அப்பாங்க! அப்பாங்க! இது அப்பாங்க!"

பெற்றவனுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவன் அதன் தலையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். குழந்தை நிறுத்தவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், சீட்டு சீட்டாக எல்லோரையும் பார்த்து "அப்பாங்க, அப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"செரி கண்ணு, செரி" என்றார் கண்டக்டர், ஒன்றும் புரியாமல். "அப்பாதான். யாரு இல்லைன்னது?"

நான் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.